கறுப்புப் போளை போடுறவை

எங்கடை சொந்தக்காரர் கனபேரின்ரை நினைப்பிலை நான் கலியாணம் கட்டினவள். இருபத்தொரு வயசிலை, ஒரு வெள்ளைக்காரப் பெடியனை, ஐயரும் இல்லாமல் ஆரும் அறியாமல் கட்டினனானாம். இண்டைவரைக்கும் நான் ஒருத்தரையும் கட்டேல்லை எண்டு சொன்னால், "ஓம் ஓம், அதை விடு" எண்டு கதையை மாத்துவினம். எல்லாத்துக்கும் ஆதாரம் ஒரு படம். அதை நான் இப்பவும் போனுக்கை வைச்சிருக்கிறன். உண்மையைச் சொன்னால், பாத்த சனத்திலை பிழை சொல்லேலாது.

படத்திலை நான் அம்மாவின்ரை சிவப்புப் பட்டுச் சேலையோடை நிக்கிறன். எனக்கு முன்னாலை கறுப்புக் கோட் போட்ட ஒரு நெட்டைப் பெடியன், என்ரை தோளிலை என்னவோ போடுறான். பின்னாலை வரிசையா மெழுகுதிரி. சுத்திவர ஆக்கள் எழும்பி நிண்டு பாடினம். நான் வேறை, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சுக்கொண்டு. நானே தெரியாமல் பாத்திருந்தால் வாழ்த்து அனுப்பியிருப்பன்.

நான் படிச்ச ஊர், ஜெர்மனியிலை எங்கடை வீடு இருக்கிற எசனிலையிருந்து ரயிலிலை மூண்டு மணித்தியாலம். அங்கை மாணவர் சங்கங்கள் கனக்க. ஜெர்மன்காரர் ஃபெர்பிண்டுங் எண்டு சொல்லுவினம். ஒவ்வொண்டுக்கும் ஒரு பெரிய பழைய வீடு, ஒரு தொப்பி, தோளிலையிருந்து இடுப்புக்குக் குறுக்கை போடுற ஒரு றிபன். அதிலை சேர்ந்தால் சாகும்வரை சேர்ந்ததுதான். படிச்சு முடிச்சு, வேலைக்குப் போய், பேரப்பிள்ளை கண்டாப்பிறகும் கோடைக்கு ஒருக்கால் அந்த றிபனைப் போட்டுக்கொண்டு வந்து பியரோடை குந்தியிருப்பினம். நான் சொல்லுற சங்கம் வாத்தியக்காரரின்ரை. வாசிக்கத் தெரிஞ்சவைக்கு மட்டும்தான் அதிலை இடம். அதோடை இன்னொரு சட்டமும் இருந்தது, ஆம்பிளையளுக்கு மட்டும்தான் இடம்.

தெரிஞ்சுதான் போனன். எனக்கு ட்ரொம்போன் எண்டால் விசர். அது என்னட்டை வந்ததே ஒரு தற்செயல். எசனிலை பள்ளிக்கூடத்து பாண்டிலை புல்லாங்குழல், கிளரினெட் எல்லாத்தையும் கெட்டிக்காரர் ஓடிப்போய் எடுத்திட்டினம். நான் போகேக்கை அலுமாரியிலை மிச்சம் கிடந்தது அந்த நீட்டுக் குழாய்தான். முதல்நாள் வீட்டிலை ஊதேக்கை அம்மா குசினியிலையிருந்து, "ஆரடி வீட்டுக்குள்ளை மாடு கொண்டுவந்தது?" எண்டு கேட்டா. மாடு எண்டாலும் என்ரை மாடு, நான் விடேல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போனாப்பிறகு எனக்கு வாசிக்க ஒரு இடம் வேணும், அந்தச் சங்கத்துக்கு ட்ரொம்போன் வாசிக்க ஒரு ஆள் வேணும். "விருந்தாளியா வந்து வாசியன்" எண்டு கேட்டினம்.

ஒரு வருசம் விருந்தாளியா இருந்தன். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒத்திகை. மழையிலை நிண்டு வாசிச்சன், பஸ்ஸிலை நித்திரை தூங்கினன், கச்சேரி முடிய அவையோடை சேர்ந்து கதிரை அடுக்கினன். ஈஸ்டருக்கு முந்தி ஒரு கச்சேரி. முடிய எல்லாரும் படத்துக்கு நிண்டம். நான் ரெண்டாம் வரிசை, ட்ரொம்போனும் கையுமா. படம் எடுக்கிறவர் என்னைப் பாத்து, "உறுப்பினர் மட்டும், தயவுசெய்து கொஞ்சம் விலகி நில்லுங்கோ" எண்டார். மரியாதையாத்தான் சொன்னார். நானும் மூண்டடி விலகினன். விலகி நிண்டு பாத்தால், சங்கத்திலை சேர்ந்து மூண்டு கிழமை ஆன ஒருத்தன், தாளம் பிடிக்கவும் தெரியாதவன், என்ரை இடத்திலை வந்து நிண்டு சிரிக்கிறான்.

எனக்குப் பத்திச்சுது. எங்கடை வீட்டுப் பொம்பிளையளுக்குக் கோவம் மூக்கு நுனியிலை. ட்ரொம்போனைப் பெட்டிக்கை வைச்சு, ரெண்டு பூட்டையும் சத்தம் கேக்கப் பூட்டி, "விருந்தாளி வீட்டை போறாள்" எண்டு சொன்னன். தமிழிலையும் நாலு சொல்லுச் சொன்னனான். அதை இங்கை எழுதேலாது.

அடுத்தநாள் காலமை என்ரை அறைக் கதவைத் தட்டினது அந்த நெட்டைப் பெடியன். டூபா வாசிக்கிறவன். வாத்தியத்திலை ஊம், ஊம் எண்டு ஊதி ஊதி ஆளும் அப்பிடித்தான், ஒரு நாளைக்கு நாலு வசனம் கதைச்சால் பெரிசு. அண்டைக்கு மூண்டு வசனம் சொன்னான். "அந்தப் படத்திலை நானும் நிண்டிருக்கக்கூடாது. நிண்டது பிழை. சட்டத்தை மாத்தக் கேக்கப்போறன்." சொல்லிட்டுப் போயிட்டான். மற்றப் பெடியளும் ஓமெண்டினம். நான் ட்ரொம்போனைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனன்.

ஆனால் அது லேசான அலுவல் இல்லை. சங்க வீட்டிலை இருக்கிற மாணவர் சேர்ந்து ஒருத்தரைத் தற்காலிக உறுப்பினரா எடுக்கலாம். அப்பிடி வாறவைக்கு ரெண்டு நிறத்து றிபன். மூண்டாம் நிறம், எண்டால் முழு உறுப்பினர் உரிமை, வேணுமெண்டால் கோடை விழாவிலை, படிச்சு முடிச்ச பழைய ஆக்களும் சேர்ந்து வோட்டுப் போடவேணும். பெண்களை எடுக்கிறதோ இல்லையோ எண்டதை அந்தக் கோடையிலை தீர்மானிக்கிறதா இருந்தது. "பழைய ஆக்கள் வரமுதல் உனக்கு றிபனைப் போட்டிடுவம். பிறகு கழட்டச் சொல்ல அவைக்கு வெக்கமா இருக்கும்" எண்டு டூபாக்காரன் சொன்னான். ஊம் எண்டு இருக்கிறவனுக்குள்ளை இவ்வளவு கள்ளம் இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை.

றிபன் போடேக்கை ஒரு வழக்கம். புதுசா வாறவை ஒரு முழு உறுப்பினரைத் தங்கடை அண்ணனாத் தெரிவுசெய்யவேணும். அண்டைக்கிருந்து அவைக்கு அது உண்மையான சகோதர உறவு. ஒருத்தர் பிழைவிட்டால் மற்றவர் பதில் சொல்லவேணும், ஒருத்தர் நிக்கேலாத இடத்திலை மற்றவர் நிக்கவேணும். நான் டூபாக்காரனைத் தெரிவுசெய்தன். "எங்கடை ஆக்கள் இதை அண்ணை எண்டு சொல்லுவினம்" எண்டன். அதுக்குப் பிறகு அவர் எனக்கு அண்ணைதான். தகவல் அனுப்பினாலும் கீழை அண்ணை எண்டுதான் போடுவார்.

அழைப்பிலை 'விழா உடுப்பு' எண்டு இருந்தது. ஆம்பிளையளுக்குக் கறுப்பு சூட் எண்டும் இருந்தது. பொம்பிளையளுக்கு என்ன எண்டு ஒண்டும் இல்லை, பொம்பிளையளே இல்லையே. எனக்குத் தெரிஞ்ச விழா உடுப்பு அம்மாவின்ரை சிவப்புப் பட்டு. அதைக் கட்டிக்கொண்டு போய் வியாழக்கிழமை பின்னேரம் நிண்டன், அண்ணை றிபனைப் போட்டார், எல்லாரும் பாடினம், ஆரோ படம் எடுத்தினம். சந்தோசப் புழுகத்திலை அதைத் தங்கச்சிக்கு அனுப்பினன். அந்த மொக்கு அதைத் தன்ரை ஸ்டேட்டஸிலை போட்டாள். சும்மா போட்டாலும் பரவாயில்லை, மூண்டு இதயம் வேறை.

கொலோனிலை இருக்கிற சின்னம்மா வெள்ளி காலமை அம்மாவுக்குப் போன் எடுத்தா. "அக்கா, மூத்தவளுக்கு முடிச்சிட்டியள், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?" அவ்வளவுதான். அப்பா செத்து ரெண்டு வருசம். ஆம்பிளைப் பிள்ளையும் இல்லை. ரெண்டு பெட்டையளை வைச்சுக்கொண்டு இவ என்ன செய்யப்போறாவோ எண்டு சனம் வாய்க்கு வாய் கதைச்ச காலம். அம்மா எனக்குப் போன் எடுக்கேல்லை. அம்மா கத்தினால் எங்களுக்குப் பயமில்லை, கத்தாட்டில்தான் பயம். மிச்சத்தைத் தங்கச்சிதான் பிறகு சொன்னாள். வெள்ளிக்கிழமையிலை எங்கடை வீட்டு அடுப்பிலை இறைச்சி ஏறாது. அண்டைக்கு ஏறிச்சுதாம். அம்மா ஒரு கதையும் இல்லாமல் அறுபது மட்டன் றோல்ஸ் சுத்தினாவாம். சண்டை பிடிக்கப் போறதெண்டாலும் சம்பந்தி வீடு, வெறுங்கையோடை போகேலாதே!

சனிக்கிழமை மத்தியானம் விழா தொடங்கிற நேரம் சங்க வீட்டிலை பெல் அடிச்சுது. கதவைத் திறந்தது பழைய ஆக்களிலை ஒருத்தர். எழுபத்தெட்டு வயசு, பல் டொக்டரா இருந்து ஓய்வெடுத்தவர், பெரிய மேளம் அடிக்கிறவர். பெண்களை எடுக்கக்கூடாது எண்டு எல்லாருக்கும் கடிதம் எழுதினவரும் அவர்தான். அம்மாவின்ரை கையிலை பெரிய பையைக் கண்டிட்டு, "சமையலறை பின்பக்கம்" எண்டார்.

"சமையலறைக்குப் பிறகு போறன். முதல் என்ரை மருமோனைக் காட்டுங்கோ" எண்டா அம்மா.

அம்மாவின்ரை ஜெர்மன் பத்து வருசமா முதியோர் இல்லத்துக் குசினியிலை பழகினது. இலக்கணம் அங்கை இங்கை ஆடும், ஆனால் எண்பது வயசுக்காரரை இருத்தி எழுப்பத் தேவையான எல்லாச் சொல்லும் அதிலை இருக்கு. சத்தம் கேட்டு நான் மேலையிருந்து ஓடிவந்தன். றிபன் தோளிலை. அம்மா றிபனைப் பாத்தா, என்ரை முகத்தைப் பாத்தா, பின்னாலை வந்த அண்ணையை அடியிலையிருந்து நுனிவரை பாத்தா. அதுக்கு நேரம் எடுத்தது, ஆள் நெட்டை.

"உவரோ?"

"அம்மா, இது கலியாணம் இல்லை. உவர் எனக்கு அண்ணை."

"அண்ணையோ? நான் பெறாத அண்ணை எங்கையிருந்தடி வந்தவர்?"

விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! கடைசியிலை அண்ணைதான் தன்ரை நாலு வசனத்தையும் ஒரேயடியாச் செலவழிச்சார். நான் அவருக்குத் தங்கச்சி, அவர் எனக்கு அண்ணன், இது சாகும்வரைக்கும், இதை முறிக்கச் சட்டம் இல்லை எண்டு சொன்னார். அம்மா கேட்டா, "சாகும்வரைக்குமோ?" அவர் தலையாட்டினார். அம்மாவின்ரை முகத்திலை என்னவோ ஒண்டு இளகிச்சுது. எனக்கு அது நல்லாத் தெரிஞ்சது.

அந்த நேரம் பார்த்துப் பல் டொக்டர் வாயைத் திறந்தார். "அம்மணி, அதுதான் என்ரை கவலையும். இது வாழ்நாள் உறவு. பெண்பிள்ளையள் கலியாணம் கட்டிப் போயிடுவினம். பிறகு அவைக்கு வேறை குடும்பம். சகோதரம் அதோடை முடிஞ்சுது."

அம்மா பையை நிலத்திலை வைச்சா. ஐயோ கடவுளே எண்டு நினைச்சன். அம்மா கையிலை இருக்கிறதை நிலத்திலை வைச்சா எண்டால் கதை நீளப்போகுது.

"நான் கலியாணம் கட்டினவள்" எண்டா. "எனக்கு நாலு அண்ணன்மார். ஒருத்தர் கனடா, ஒருத்தர் லண்டன், ரெண்டுபேர் ஊரிலை. இத்தினை வருசத்திலை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவையோடை கதைக்காமல் விட்டதில்லை. அவை எனக்குப் போன் எடுக்கிறேல்லை, நான்தான் எடுக்கிறன். அவையின்ரை பிள்ளையளின்ரை பிறந்தநாளையே நான்தான் அவைக்கு ஞாபகப்படுத்திறன். சொல்லுங்கோ ஐயா, கலியாணம் கட்டிச் சகோதரத்தை மறந்தது ஆர்? பெட்டையளோ, பெடியளோ?"

அம்மா பைக்குள்ளையிருந்து ஒரு றோல்ஸை எடுத்து, தன்ரை இல்லத்திலை ஆக்களைக் கேக்கிற மாதிரியே, "பல்லு சொந்தப் பல்லோ? இது மொறுமொறு எண்டு இருக்கும்" எண்டு கேட்டா. பல் டொக்டரைப் பாத்து! அவர் சொந்தப் பல்தான் எண்டு சொல்லிப்போட்டு வாங்கிக் கடிச்சார். கண்ணிலை தண்ணி வந்தது, ஆனால் விடேல்லை, முழுக்கச் சாப்பிட்டார். என்னைக் காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போக வந்த மனிசி, பத்து நிமிசத்திலை என்ரை பக்கத்து வக்கீலா நிண்டா. அதைச் சொல்லிக் காட்ட எனக்குத் துணிவில்லை.

வோட்டு மேல்மாடி மண்டபத்திலை. ஒரு மரப்பெட்டி, அதுக்கு மேலை ஒரு துணி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வெள்ளைப் போளை, ஒரு கறுப்புப் போளை, நாங்கள் சின்னனிலை உருட்டி விளையாடுவமே, அந்தக் கண்ணாடிப் போளைதான். துணிக்குக் கீழை கையை விட்டு ஒண்டைப் போடவேணும். ஆர் என்ன போட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மூண்டிலை ரெண்டு பங்கு வெள்ளை வந்தால் பெண்களுக்கு இடம். நானும் அம்மாவும் குசினியிலை இருந்தம். மேலை போளையளைத் தட்டிலை கொட்டுற சத்தம் கேட்டது. அண்ணை படியிறங்கி வந்தார். முகத்தைப் பாக்கவே விளங்கிச்சுது.

"ரெண்டு போளை" எண்டார். "ரெண்டே ரெண்டு வெள்ளை குறைஞ்சுபோச்சு."

நான் அழுதன். பிள்ளை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதன். ஒரு வருசம் ஊதினது, மழையிலை நிண்டது, கதிரை அடுக்கினது எல்லாம் வீணாப்போச்சு எண்டு இருந்தது. றிபனிலை கையை வைச்சன், கழட்டி எறிஞ்சிட்டுப் போவமெண்டு. அம்மா கையிலை ஒரு தட்டுத் தட்டினா.

"விடு. போடேக்கை என்னைக் கேட்டுப் போட்டனியோ? கழட்டுறதெண்டால் என்னைக் கேட்டுத்தான் கழட்டவேணும்." பிறகு அண்ணையைப் பாத்து, "அடுத்த வருசம் எத்தினையாம் திகதி? நான் இப்பவே லீவுக்கு எழுதிக் குடுக்கிறன்" எண்டா. றோல்ஸ் இருந்த வெறும் தட்டைப் பாத்தா. "அறுபது காணாது. நூற்றிருபது கொண்டுவாறன்."

சொன்ன மாதிரியே வந்தா. பல் டொக்டர் வாசலிலை பாத்துக்கொண்டு நிண்டு பையை வாங்கினார். அந்த வருசம் வெள்ளைப் போளை தேவைக்கு மிஞ்சியே வந்தது. அவர் எந்தப் போளை போட்டவர் எண்டு இண்டைவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. "மூண்டு றோல்ஸ் திண்ட கை கறுப்பை எடுக்காது" எண்டு அம்மா அடிச்சுச் சொல்லுவா. அண்ணை மூண்டாம் நிறத்தை என்ரை தோளிலை போட்டார். படத்துக்கு ரெண்டாம் வரிசையிலை நிண்டன். இப்ப அந்த வீட்டிலை பாதிக்குப் பாதி பெட்டையள். என்னைத் தங்கடை அக்காவாத் தெரிவுசெய்தவை மூண்டுபேர், அதிலை ஒருத்தன் பெடியன்.

போன கோடையிலை தங்கச்சிக்குக் கலியாணம், எசனிலை ஒரு மண்டபத்திலை. மூத்தவள் இருக்க இளையவளுக்கோ எண்டு கேக்க வந்த சனம், மூத்தவள்தான் எப்பவோ முடிச்சிட்டாளே எண்டு தாங்களே சமாதானம் ஆகிச்சினம். அந்தப் படம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வரேக்கை பொம்பிளையின்ரை சகோதரன் செம்புத் தண்ணியாலை காலைக் கழுவி உள்ளை கூட்டிக்கொண்டு வரவேணும். மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் போடுவார். எங்களுக்குச் சகோதரன் இல்லை. அம்மா ஒரு நிமிசமும் யோசிக்கேல்லை. "ஏன் இல்லை? டூபாக்காரன் இருக்கிறாரே" எண்டா.

எனக்குச் சந்தோசம்தான். பொய் சொல்லேல்லை. ஆனால் உள்ளுக்கை ஒரு இடத்திலை சுட்டது. தங்கச்சியைப் பிறந்த நாளிலையிருந்து தூக்கித் திரிஞ்சவள் நான். அப்பா செத்தாப்பிறகு அவளின்ரை பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நேரம் எடுத்துப் போனவள் நான். என்னை ஒருத்தரும் நினைக்கேல்லை, அம்மாகூட நினைக்கேல்லை. மூண்டடி விலகி நில் எண்டு ஆரோ மரியாதையாச் சொன்ன மாதிரி இருந்தது. அதை அண்ணைக்கு மட்டும் ஒருக்கால் போனிலை சொன்னன். அவர் ஊம் எண்டார்.

கலியாணத்தண்டு அண்ணை வேட்டிக்கு மேலை பெல்ட் கட்டி, அதுக்கு மேலை குறுக்கை றிபனும் போட்டுக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை காரிலையிருந்து இறங்கி வாசலிலை நிண்டார். ஐயர் செம்பை அண்ணையிட்டைக் குடுத்தார். அண்ணை அதை வாங்கி, திரும்பி, தாம்பாளம் பிடிச்சுக்கொண்டு நிண்ட என்னட்டை நீட்டினார்.

"இது உன்ரை இடம்" எண்டார் ஜெர்மனிலை. "இங்கை விருந்தாளி நான்."

மேளகாரர் நிப்பாட்டிச்சினம். ஐயர், "பிள்ளை, இதுக்கு ஆம்பிளைச் சகோதரம்தான்..." எண்டு இழுத்தார். கொலோன் சின்னம்மா, "ஐயோ அக்கா, முறை கெட்டுப்போம், அந்தப் பெடியனையே செய்யச் சொல்லுங்கோ" எண்டு பின்னாலையிருந்து சத்தம் போட்டா. சனம் கழுத்தை நீட்டிப் பாத்தது. நான் செம்பை வாங்கிப் பிடிச்சன். அந்தக் குசினியிலை போளை கொட்டுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்த மாதிரித்தான் இருந்தது. நான் அம்மாவைப் பாத்தன்.

அம்மா என்னைப் பாத்தா. என்னை நினைக்காமல் விட்டது அப்பதான் அவவுக்கு விளங்கிச்சுது எண்டு எனக்குத் தெரிஞ்சது, ஏனெண்டால் அவவின்ரை கண் நிறைஞ்சுபோச்சு. கையிலை இருந்த பூத்தட்டை நிலத்திலை வைச்சா. நிமிந்து, ஐயரையும் சின்னம்மாவையும் முழுச் சனத்தையும் ஒரு சுத்துப் பாத்தா.

"இவள்தான் இந்த வீட்டுக்கு மூத்தது" எண்டா. "கறுப்புப் போளை போடுறவை இப்பவே போடுங்கோ."

சனத்துக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை. அண்ணைக்குத் தமிழே தெரியாது, ஆனால் அவருக்கு விளங்கிச்சுது. றிபனை நேராக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்திலை வந்து நிண்டார்.

ஒருத்தரும் போடேல்லை. ஐயர் செருமிக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினார். நான் குனிஞ்சு என்ரை தங்கச்சி மாப்பிள்ளையின்ரை காலுக்குத் தண்ணி ஊத்தினன்.